அட்டைக்குப் பூட்டு, ஆளுக்கு?

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. அதன் பின்னாலேயே, 12 வயதான எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வந்தது. காட்டிலிருந்தவர்கள் அந்த அட்டைகளை மக்களிடமிருந்து பறித்தார்கள். பேராக்கில் அடையாளத் திருட்டின் கதையை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கடனுக்கு மட்டும் தோட்டத்தில் யாரும் அட்டை கேட்டதில்லை. கடைக்காரர் 555 புத்தகத்தில் அரிசி, கருவாடு என்று எழுதிக்கொள்வார், சம்பளத்தன்று கழிப்பார். இன்னொருவர் பேரைச் சொல்லி வாங்க முடியாது, லயத்து முகம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. (அவரே கூட்டி எழுதினாரா என்பது வேறு பஞ்சாயத்து.)

ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது ஜனங்கள் ஈப்போவுக்கு, புந்தோங் பக்கம், பெயர்ந்தார்கள். பிள்ளைகள் கையில் கிரெடிட் கார்டு வந்தது. முகம் தெரியாத கல்லாவில் அதன் காவல் இரண்டுதான்: பின்பக்கக் காந்தப்பட்டை, அதன் மேல் ஒரு கையெழுத்து. பட்டையில் இருப்பது மாறாத தகவல். கல்லாவுக்கு அடியில் கையடக்கக் கருவியில் ஒரு இழுப்பு இழுத்தால் நகல் தயார். கையெழுத்தையோ யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. 2005 வாக்கில் பேங்க் நெகாராவின் கட்டளைப்படி வங்கிகள் சில்லு அட்டைக்கு மாறின. சில்லு ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு ஒன்றை உருவாக்கும். பழையதைத் திருடிப் பயனில்லை. 2017 ஜூலை 1 முதல் கையெழுத்தும் போய், ஆறு இலக்க ரகசிய எண் வந்தது. நல்ல வேலை, மறுக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில்தான் 4.62 கோடி கைத்தொலைபேசிக் கணக்குகளின் விவரங்கள் வெளியே கசிந்திருப்பது தெரியவந்தது. பெயர், முகவரி, ஐசி எண், எல்லாம். கார்டை மாற்றிவிடலாம், ஐசி எண்ணை மாற்ற முடியுமா? அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ரகசியம் என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனாலும் போனில் நம்மைச் சரிபார்க்க இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று எழுதும் நம்மூர்ப் பழக்கத்தைச் சிலர் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது.

பால் மரம் வெட்டி ஓய்ந்த என் பெரியம்மாவுக்குப் போன வருஷம் ஒரு அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் அவர் பெயரையும் ஐசி எண்ணையும் பிசகாமல் ஒப்பித்தான். பிறகு எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைக் கேட்டான். கொடுத்துவிட்டார். கார்டு கடைசிவரை அவர் பர்ஸில்தான் இருந்தது.

தொலைந்த கார்டில் அடுத்தவன் செலவழித்தால், உடனே தெரிவித்தவர் தலையில் 250 வெள்ளிக்கு மேல் கட்டக்கூடாது என்பது பேங்க் நெகாரா விதி. இங்கே எதுவும் தொலையவில்லையே, எண்ணை நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்கள் அவருடைய வங்கியில். மோசடிப் புகாருக்கென்று 2022இல் வந்த 997 என்ற எண் அவருக்குத் தெரியாது. நான் திட்டப் போனதும் முந்திக்கொண்டார்:

"ஐசி நம்பர ஒண்ணு விடாம சொன்னான்யா. தோட்டத்துல கிராணியும் அப்படித்தானே நம்பரப் பாத்து சம்பளம் குடுப்பாரு?"