ஒரு சிட்டிகைக்கும் ஒரு சட்டம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் உப்பு இல்லாமல் ஒரு நாள் கழியாது. விற்றது போக மிஞ்சிய மீன் உப்பில் ஊறிக் கருவாடானால்தான் அடுத்த வாரச் செலவுக்குக் காசு. புகையிலையும் அந்த வாழ்க்கைக்குப் பழகிய பொருள்தான்: வெற்றிலையோடு மெல்வார்கள், சுருட்டாகப் புகைப்பார்கள், பொடியாக மூக்கில் இழுப்பார்கள். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி உப்பு, புகையிலை இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கியது தில்லி. மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம் என்பது அதன் பெயர். உலகப் போர் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டின் முதல் சட்டமே அதுதான்.

அப்போது சென்னை மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை கிடையாது. 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் எவரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து அந்த அக்டோபரிலேயே ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு உயிர்பெற்றது. மாகாணத்தின் மொத்த அதிகாரமும் கவர்னர் கைக்குப் போனது. முதலில் எர்ஸ்கின் பிரபு, 1940 முதல் ஆர்தர் ஹோப். 1946 ஏப்ரலில் பிரகாசம் முதல்வராகும் வரை ஆறரை ஆண்டுக் காலம், ஆள்பவரிடம் கேள்வி கேட்கச் சட்டமன்றம் இல்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி யாரையும் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கலாம். எந்தப் பத்திரிகையையும் முடக்கலாம். 1942 ஆகஸ்டுக்குப் பிறகு காங்கிரஸ் தலைவர்கள் பெரும்பாலும் சிறையில் இருந்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் பொடியின் மீது அரசின் கண் விழுந்தது.

சென்னையில் பொடித் தயாரிப்பு கைப்பக்குவத்தை நம்பிய தொழில். காய்ந்த இலையை வறுத்து இடித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்து அரைப்பார்கள். சுண்ணாம்பு காரத்தைத் தூக்கிவிடும், நெய் பொடியைப் பறக்கவிடாமல் மிருதுவாக்கும். எடுத்துச் செல்லக் காய்ந்த வாழைப்பட்டையில் செய்த பொடிமட்டை. வசதி உள்ளவர்களுக்கு வெள்ளி டப்பி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கும் சிட்டிகைக்கு நெருப்பு வேண்டாம், குச்சி வேண்டாம். தீக்குச்சி உரசத் தடை இருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் பிரிட்டன் தொழிலாளர்கள் பொடிக்குப் பழகியதும் இதனால்தான். தமிழ்நாட்டில் பண்டிதர் முதல் கூலிக்காரர் வரை இந்தப் பழக்கம் பரவியிருந்தது. பழவேற்காடு அன்று அடங்கியிருந்த அதே செங்கற்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்திலிருந்து 1942-இல் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கிய அண்ணாவின் பொடிப் பழக்கம் ஊரறிந்த ஒன்று.

போர்ச் செலவு ஏறிக்கொண்டே போனது. 1943-44 நிதிநிலை அறிக்கையில் நிதி உறுப்பினர் ஜெரமி ரெய்ஸ்மன் இரண்டு புதிய கலால் வரிகளைக் கொண்டுவந்தார். ஒன்று புகையிலைக்கு, மற்றொன்று வனஸ்பதிக்கு. அடுத்த ஆண்டு காப்பி, தேயிலை, பாக்கு ஆகியவையும் பட்டியலில் ஏறின. ஏழையின் வெற்றிலைப் பையில் இருந்த பாக்கும் புகையிலையும் இரண்டே ஆண்டுகளில் போர் நிதிக்குப் பங்கு கட்டும் பொருள்களாகிவிட்டன.

இந்த வரியின் கடுமை அதை வசூலித்த முறையில் இருந்தது. சிகரெட்டுக்கு ஆலை உண்டு. வாசலில் ஓர் அதிகாரியை நிறுத்தினால் போதும். பொடியையும் பீடியையும் சுருட்டையும் ஆயிரக்கணக்கான வீடுகளும் சிறு கடைகளும் செய்தன. ஆகவே வரி இலைக்கே போடப்பட்டது. பயிரிட்டவர் கணக்குக் கொடுக்க வேண்டும். இலையைப் பதப்படுத்துபவர் உரிமம் எடுக்க வேண்டும். வரி கட்டாத சரக்கு அரசு கண்காணிக்கும் கிடங்கில்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து நகர வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். சிகரெட்டுக்கா, பீடிக்கா, சுருட்டுக்கா, பொடிக்கா என்று எந்த உபயோகத்துக்கு இலை போகிறது என்பதைப் பொறுத்து வரி விகிதம் மாறியது. வயலில் நின்ற இலை யாருடைய மூக்கில் போய் முடியும் என்பது வரை அரசின் ஏட்டில் பதிவாக வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கூட மலபார், கனரா, கோயம்புத்தூர் பகுதிகளில்தான் புகையிலை ஏகபோகம் நடத்தியது; 1853-இல் அதையும் கைவிட்டது. 1943-இன் வரியோ பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமானது.

ஏரிக்கரைக்குப் போர் வெறும் விலைவாசிச் செய்தி அல்ல. 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த இரு திசைகளுக்கும் நடுவில் இருந்தது பழவேற்காட்டுக் கடற்கரை. சென்னை நகரம் பாதி காலியானது. ‘புகையிலை விடு தூது’ என்ற சிறு நூலை 1930-களின் இறுதியில் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். அங்கேயே ஏப்ரல் 28-இல் காலமானார். பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்து பேருந்துகள் கரிவாயுவில் ஓடிய நாள்களில், ஏரியின் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளுக்கு மதிப்புக் கூடியது. நெல்லும் விறகும் உப்பும் கிளிஞ்சலும் அந்த வழியாகத்தான் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதே ஆண்டுகளில் எதிரணியில் இருந்த ஜெர்மனி புகையிலையை வேறு விதமாக ஆண்டது. 1941-இல் யேனா பல்கலைக்கழகத்தில் புகையிலைத் தீங்கை ஆராயும் நிறுவனம் தொடங்கியது. ஹிட்லரே அதற்கு ஒரு லட்சம் மார்க் கொடுத்தார். அதை நடத்திய கார்ல் ஆஸ்டெல் இனவெறிக் கொள்கையின் முன்னணி ஆள். புகையிலை பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. அதிலும் பெண்களுக்குக் குறைவான பங்கு. பவேரியாவின் பெயர்பெற்ற மூக்குப்பொடி, நம் ஊர்ப் பொடிக்கு நெய் போல, உருக்கிய வெண்ணெய் சேர்த்துச் செய்யப்பட்டது. அதற்கான இலை பிரேசிலிலிருந்து வர வேண்டும். கடல் முற்றுகை அந்த வழியை அடைத்தது. உடல்நலம் பேசிய அந்த அரசும் புகையிலை வரியை விட்டுக்கொடுக்கவில்லை. கொள்கை எதுவானாலும், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிராத இரண்டு அரசுகளும் குடிமக்களின் மிகச் சிறிய பழக்கத்துக்குள் கை நீட்டின.

பழவேற்காட்டு மீனவர்களுக்குத் தங்களுக்குள் ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்ற ஏற்பாட்டின்படி, ஏரியின் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த விதி எல்லோரும் கூடிப் பேசியதால் வந்தது. மீறினால் ஊர் கேட்கும். உப்பு விதி அப்படி வந்ததல்ல. உப்பு வரி ஏறியபோது கருவாட்டுத் தொழில் நசிந்தது. பிரான்சிஸ் டே போன்ற மீன்வள அதிகாரிகளே அதை எடுத்துச் சொன்ன பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் பதனிடும் யார்டுகளைத் திறந்தார்கள். அவற்றின் வேலிக்குள், அதிகாரியின் கண்ணெதிரில், மீனை உப்பிட்டால் மட்டும் வரியில்லா உப்பு. கடலோர மக்களுக்குக் கலால் சிப்பாய் புதியவர் அல்லர். 1944-இன் சட்டம் அந்தச் சிப்பாயின் அதிகாரத்தை உப்பிலிருந்து பொடிமட்டை வரை நீட்டியது.

போர் 1945-இல் முடிந்தது. உப்பு வரி 1947 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பே நீங்கியது. தண்டியும் வேதாரண்யமும் கண்ட போராட்டங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. புகையிலை இலை வரிக்கு எதிராக அப்படியொரு யாத்திரை நடக்கவில்லை. போருக்காக வந்த அது சுதந்திர இந்தியாவின் கருவூலத்தில் நிலைத்து, 1979-இல் சரண்சிங் நிதி அமைச்சராக இருந்தபோதுதான் நீக்கப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் விவசாயியும் சிறு பொடிக் கடைக்காரரும் பெர்மிட்டுக்கு அலைந்தார்கள்.

சட்டம் மட்டும் போகவில்லை. 1996-இல் அதன் பெயரிலிருந்து ‘உப்பு’ நீங்கியது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்து பெரும்பாலான கலால் வரிகளை விழுங்கியபோதும், பெட்ரோலியத்துக்கும் புகையிலைக்கும் 1944-இன் சட்டம் விட்டுவைக்கப்பட்டது. கலால் துறை இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 24-ஐத் தன் நாளாகக் கொண்டாடுகிறது. மூக்குப்பொடி உட்பட புகையிலைப் பொருள்கள் மீது மத்திய அரசு கலால் வசூலிப்பது, மாகாணத்தில் சட்டமன்றமே இயங்காத நாள்களில் தில்லியில் எழுதப்பட்ட அதே சட்டத்தின் பேரில்தான்.