தந்த மூட்டு முதல் சிறு கீறல் வரை

மனித உடலின் சுமையைத் தாங்கும் மூட்டுகளுள் முழங்கால் தலையாயது. அங்கே எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், எலும்போடு எலும்பு உராய்கிறது. வலி மிகுகிறது, கால் வளைகிறது, பத்தடி நடப்பதும் பெரும்பாடாகிறது. மூட்டுவாதம் என வழங்கப்படும் இந்நோய் உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் மனிதரை வீட்டுக்குள்ளேயே சிறைப்படுத்தவல்லது. அச்சிறையைத் திறக்க மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயன்ற வரலாறு, கற்போர்க்குப் பல பாடங்களை உணர்த்துவதாகும்.

1890ஆம் ஆண்டு மே மாதத்தில் பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் அறுவை மருத்துவர், யானைத் தந்தத்தால் செய்த மூட்டு ஒன்றை ஓர் இளம்பெண்ணின் முழங்காலில் பொருத்தினார். அதை எலும்போடு பிணைக்கப் பிசின் கலந்த ஒருவகைச் சாந்தையும் அவர் பயன்படுத்தினார். தொடக்கத்தில் மூட்டு நன்கு இயங்கியது. ஆயினும் அவர் மருத்துவம் செய்த மூட்டுகள் காசநோயால் அழிந்தவை. கிருமிகள் மீண்டும் தலைதூக்கின; தந்த மூட்டுகள் பயனற்றுப் போயின. கிருமிக்கொல்லி மருந்துகள் தோன்றாத காலம் அது. அவருடைய எண்ணம் பழுதன்று. காலம் கனியவில்லை என்பதே உண்மை.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1950களில், சுவீடன் நாட்டு வால்டியசும் இங்கிலாந்து நாட்டு ஷியர்சும் கீல் போன்ற செயற்கை மூட்டுகளைப் பொருத்தினர். ஆனால் முழங்கால் கதவின் கீலன்று. அது மடங்கும்போதே உருள்கிறது, வழுக்குகிறது, சற்றே திரும்பவும் செய்கிறது. கீலோ ஒரே அச்சில் மட்டும் இயங்குவது. எனவே ஒவ்வோர் அடியின் முறுக்கும் எலும்பைத் தாக்க, மூட்டு நாளடைவில் தளர்ந்தது.

திருப்பம் இடுப்பு மூட்டின் வழியே வந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் என்னும் பொருளால் இடுப்பு மூட்டுக் கிண்ணம் அமைத்தார். அது விரைவில் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் திசுக்களை அழித்தன. சார்ன்லி உண்மையை மறைக்கவில்லை. அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்து, அதன் தீமையை உலகுக்கு அறிவித்தார். 1962இல் உறுதிமிக்க பாலித்தீனுக்கு மாறி வெற்றி கண்டார். அவரிடம் பயின்ற கனடா நாட்டு ஃபிராங்க் கன்ஸ்டன், 1968இல் அதே உலோகம், பாலித்தீன், சாந்து ஆகியவற்றைக் கொண்டு கீலற்ற முழங்கால் மூட்டைப் படைத்தார்.

1974இல் நியூயார்க் நகரில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத் ஆகியோர் முழங்காலின் இயற்கை வடிவை ஒட்டிய மூட்டைப் பயனுக்குக் கொண்டுவந்தனர். இன்றைய மூட்டுகளுக்கு அதுவே முன்னோடி. 2000ஆம் ஆண்டு மும்பையில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயியின் முழங்காலுக்கு மாற்று மூட்டுப் பொருத்தியவரும் ரணாவத்தே.

மூட்டு செம்மையுற்றதும் கருத்து கீறலின்மீது திரும்பியது. வழக்கமான முறையில் முழங்காலின் முன்புறம் ஏறத்தாழ 20 முதல் 30 செண்டிமீட்டர் வரை கீறித் தொடைத் தசைநாரையும் பிளந்து, முழங்காற்சில்லைப் புரட்டி வைப்பர். 1990களில் அமெரிக்க மருத்துவர் ஜான் ரெப்பிச்சி, மூட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் அறுவையைச் சிறு கீறலிலேயே செய்து காட்டினார். 2000க்குப் பின் முழு மூட்டு மாற்றத்திலும் அம்முறை பரவியது. கீறல் 10 முதல் 15 செண்டிமீட்டராகச் சுருங்கியது. தசை இயன்றவரை காக்கப்பட்டது. சில்லு ஒருபுறம் ஒதுக்கப்பட்டதேயன்றிப் புரட்டப்படவில்லை. குறுகிய இடத்திற்கேற்பக் கருவிகளும் சிறுத்தன.

இதனால் விளைந்த பயன் யாது? தொடக்க வாரங்களில் வலி குறைந்து கால் விரைவில் மடங்குவது உண்டு. ஆண்டுகள் சென்றபின் இருமுறைகளுக்கும் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. மேலும், சிறு வாயிலின் வழியே மூட்டு முழுவதையும் காண்பது கடினம். மூட்டு சற்றே கோணலாக அமைந்தாலும் அதன் ஆயுள் குறையக்கூடும். மிகப் பருத்த உடலினர்க்கும், கால் பெரிதும் வளைந்தவர்க்கும் இம்முறை பொதுவாகப் பொருந்துவதில்லை.

தழும்பின் அளவு கண்ணுக்குத் தெரியும். மூட்டின் செம்மை கண்ணுக்குத் தெரியாது. எனினும் நோயாளியை நெடுங்காலம் நடக்கவைப்பது பின்னதே. தோல்வியை ஆராய்ந்து, உண்மையை உரைத்து, அடுத்த அடி எடுத்துவைத்தோரால் வளர்ந்தது இக்கலை. புதுமை என்பதனாலேயே ஒன்றைப் போற்றாது, பயன் கண்டு ஏற்பதே அவர்தம் உழைப்புக்குச் செய்யும் சிறப்பாகும்.