பிகினித் தீவினரிடம் கேட்கப்பட்ட கேள்வி

பிகினி என்றால் நம்மில் பலருக்கு நீச்சல் உடைதான் நினைவுக்கு வரும். 1946 ஜூலை 5-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி ரெயார் என்பவர் அந்த உடையை அறிமுகப்படுத்தினார். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் பசிபிக் மாகடலில் பிகினி என்னும் பவழத்தீவில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்திருந்தது. பத்திரிகைகளில் அடிபட்ட பெயரை அவர் தம் உடைக்குச் சூட்டிவிட்டார். உடை புகழ் பெற்றது. தீவின் குடிகளைப் பற்றிக் கேட்டவர் குறைவு.

மார்ஷல் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது பிகினி. உப்பங்கழி ஒன்றைச் சுற்றி 23 சிறு திட்டுகள் வளையமாக அமைந்தவை. தென்னை, தாழை, மீன் ஆகியவற்றைக் கொண்டு அங்கே மக்கள் வாழ்ந்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடமிருந்து இத்தீவுகள் அமெரிக்காவின் கைக்கு வந்தன. அணுகுண்டு கப்பற்படையை என்ன செய்யும் என்று அறியச் சோதனை நடத்துவதென்றும், அதற்கு ஏற்ற இடம் பிகினி என்றும் 1946 ஜனவரியிலேயே அமெரிக்காவில் முடிவாகிவிட்டது.

அதன் பிறகுதான், பிப்ரவரி 10 ஞாயிற்றுக்கிழமை, கடற்படை அதிகாரி பென் வயாட் தீவுக்கு வந்து, மாதாகோவில் வழிபாடு முடித்த மக்களைக் கூட்டிப் பேசினார். மனித குலத்தின் நன்மைக்காக, போர்களை ஒழிப்பதற்காக, தீவைத் தற்காலிகமாக விட்டுத்தர இயலுமா என்று கேட்டார். தலைவர் ஜூடா தம் மக்களுடன் கலந்து பேசிவிட்டு, எல்லாம் கடவுள் கையில் என்ற பொருளில் விடையளித்தார். பின்னர் இக்காட்சி திரைப்படக் கருவியின் முன் பலமுறை திரும்ப நடத்திப் படம் பிடிக்கப்பட்டது. அனுமதி கேட்டதற்குச் சான்று வேண்டுமல்லவா! ‘இயலாது’ என்று ஜூடா சொல்லியிருந்தால் சோதனை நின்றிருக்குமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மார்ச் மாதம் 167 பேர் ரோங்கெரிக் தீவுக்கு மாற்றப்பட்டார்கள். பிகினியின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் அது. அங்கே தென்னைகள் சரியாகக் காய்க்கவில்லை. உப்பங்கழி மீன்களிலோ நச்சு. இரண்டே ஆண்டுகளில் பட்டினி வந்தது. 1948-இல் முதலில் குவாஜலின் தீவில் கூடாரங்களுக்கும், பிறகு கிலி என்னும் தனித்தீவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். கிலியில் உப்பங்கழியே இல்லை. அலைகள் கடுமையாக இருக்கும் மாதங்களில் தோணியை இறக்கவும் முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைத்தவர்கள் தகர டப்பா உணவை எதிர்பார்த்து வாழவேண்டியதாயிற்று.

இனி 1954 மார்ச் 1-ஆம் நாளுக்கு வருவோம். அன்று பிகினியில் வெடித்த ‘பிராவோ’ என்னும் ஹைட்ரஜன் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 6 மெகாடன் இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். வெடித்ததோ 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. காரணம் லித்தியம். குண்டில் இருந்த லித்தியத்தில் பெரும்பகுதி லித்தியம்-7 என்னும் ஐசோடோப்பு. லித்தியம்-6 மட்டுமே நியூட்ரானை ஏற்று டிரிட்டியத்தைத் தரும், லித்தியம்-7 சும்மா இருந்துவிடும் என்று எண்ணினார்கள். ஆனால் மிகு வேக நியூட்ரான் தாக்கியபோது லித்தியம்-7-உம் உடைந்து டிரிட்டியம் தந்தது. போதாக்குறைக்கு ஒரு நியூட்ரானையும் மீண்டும் வெளியிட்டது. எரிபொருள் பெருகியது, வெடிப்பும் பெருகியது.

பொடியான பவழம் காற்றில் கிழக்கே சென்று, 150 கி.மீ.க்கும் அப்பால் உள்ள ரோங்கெலாப் தீவில் வெண்சாம்பலாகப் பெய்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். வாந்தியும் தோல் புண்ணும் வந்தன, தலைமுடி உதிர்ந்தது. பின்னாளில், குறிப்பாக அன்று சிறுவராயிருந்தவர்களுக்கு, தைராய்டுக் கட்டிகள் தோன்றின. ஜப்பானிய மீன்பிடி படகொன்றின் 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளாகி, அவர்களில் வானொலி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார்.

கணக்குத் தவறியதை மன்னிக்கலாம். இயற்பியலில் அது புதிதன்று. மனத்தை உறுத்துவது வேறு. 1946-இல் அதைவிட மிகச் சிறிய குண்டுகளைச் சோதித்தபோதுகூட ரோங்கெலாப் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். 1954-இல் அதைச் செய்யவில்லை. வெடிப்புக்குப் பின்னும், ரோங்கெரிக்கிலிருந்த 28 அமெரிக்கப் படையினரை மார்ச் 2-ஆம் நாளே மீட்டார்கள். ரோங்கெலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது மார்ச் 3-இல்.

மார்ஷல் தீவினர் அடுத்த மாதமே ஐ.நா. அறங்காவல் மன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அவர்களுடைய தீவுகள் ஐ.நா.வின் சார்பில் அமெரிக்கா காத்துவந்த பகுதியல்லவா? சோதனைகளை நிறுத்துங்கள், இயலாவிடில் தக்க பாதுகாப்பாவது செய்யுங்கள் என்பது வேண்டுகோள். நேரு அவ்வாண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் நம் மக்களவையில் சோதனைகளை நிறுத்திவைக்குமாறு கோரியிருந்தார். மன்றமோ நிறுத்தச் சொல்லவில்லை. 1958 வரை மார்ஷல் தீவுகளில் மொத்தம் 67 சோதனைகள் நடந்தன. (இதே மார்ஷல் தீவுகள் அணு ஆயுதக் குறைப்புக்காக 2014-இல் பன்னாட்டு நீதிமன்றம் சென்றபோது, எதிர் வழக்காடியவர்களில் இந்தியாவும் ஒன்று. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 2016-இல் நீதிமன்றம் கூறிவிட்டது.)

1968-இல் ஜனாதிபதி ஜான்சன் பிகினியினர் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தார். சில குடும்பங்கள் திரும்பின. மனத்தில் ஐயம் இருந்ததால் 1975-இல் முழுமையான கதிரியக்க அளவீடு கோரி அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார்கள். அவர்கள் ஐயம் சரியாகவே போயிற்று. உடலில் சீசியம்-137 ஏறிக்கொண்டே வந்தது. 1978-இல் மறுபடியும் வெளியேறினார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது? பவழ மணல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; அதில் பொட்டாசியம் மிகக் குறைவு. தனிமங்களின் அட்டவணையில் சீசியம் பொட்டாசியத்தின் குடும்பம். பொட்டாசியத்துக்கு ஏங்கும் தென்னை சீசியத்தை உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்துவிடுகிறது. நம் களிமண்ணாயிருந்தால் சீசியத்தைப் பெரிதும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அத்தீவில் நடப்பதைவிட அங்கே உண்பதுதான் ஆபத்து. ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை தேங்காய் உண்பார், எவ்வளவு இளநீர் குடிப்பார் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரியாது. தீவின் பெண்களைக் கேட்டால் தெரியும்.

முழுதும் உள்ளூர் உணவையே உண்டால் ஆண்டுக்கு 15 மில்லிசீவர்ட் வரை சேரக்கூடும் என்று பன்னாட்டு அணுசக்தி முகமை 1998-இல் மதிப்பிட்டது. இயற்கையாக நாம் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட்தான். பொட்டாசிய உரமிட்டால் சீசியம் ஏறுவது வெகுவாகக் குறையும் என்பது சோதனையில் தெளிவாகியுள்ளது. அப்படியானால் எந்த அளவு வரை தூய்மை செய்வது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் நாட்டு நிலத்துக்கு ஆண்டுக்கு 0.15 மில்லிசீவர்ட் என்று வரம்பு வைத்திருந்தது. அதே வரம்பு எங்களுக்கும் வேண்டும் என்றார்கள் தீவினர். இரு அரசுகளின் உடன்படிக்கைப்படி அமைந்த அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்று, 2001-இல் பிகினிக்கு 56 கோடி டாலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பாயத்தின் நிதியில் அவ்வளவு பணமில்லை. மிகச் சிறு பகுதியே கிடைத்தது. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

இதற்கிடையே கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. மார்ஷல் தீவுகளின் நிலம் சராசரியாகக் கடலுக்கு மேல் இரண்டு மீட்டர்தான். 2011 முதல் பெரும் ஓதங்களின்போது கிலித் தீவுக்குள் உப்புநீர் புகுந்து பயிர்களைக் கெடுத்திருக்கிறது. பிகினியினரின் மறுகுடியேற்ற நிதியையோ மார்ஷல் தீவுகளுக்குள் மட்டுமே செலவிடலாம் என்பது அன்றைய சட்டமாக இருந்தது. அதை மாற்றி, அமெரிக்க மண்ணில் வீடு வாங்கிக் குடியேற அந்நிதியைப் பயன்படுத்தவிட வேண்டும் என்று 2015-இல் அவர்கள் வாஷிங்டனிடம் கேட்டார்கள்.