வியாழக்கிழமைப் பந்து

சாரா ஜோசபா ஹேல் என்ற அம்மையார் கடிதம் எழுதி ஓயவில்லை. மேரியைப் பற்றியும் அவள் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன ஆட்டுக்குட்டியைப் பற்றியும் எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடும் ஆங்கிலப் பாட்டை எழுதியவர் இவர்தான். அமெரிக்காவில் பெண்களுக்கான பெரிய பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். அறுவடை முடிந்ததும் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளை அப்போது மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு தேதியில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே நாள் வேண்டும் என்று ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் வருடக்கணக்காக எழுதினார் ஹேல். 1863ல், உள்நாட்டுப் போரின் நடுவே, செப்டம்பர் 28 அன்று ஆபிரகாம் லிங்கனுக்கும் ஒரு கடிதம் போனது. ஐந்தே நாளில் அறிவிப்பு வந்துவிட்டது: நவம்பரின் கடைசி வியாழக்கிழமை. காலையில் தேவாலயம், பிறகு குடும்பத்தோடு விருந்து என்பதுதான் ஹேல் மனதில் இருந்த திட்டம். முழு வான்கோழி அடுப்பில் வேக மணிக்கணக்காகும். அதுவரை வீட்டு இளவட்டங்கள் என்ன செய்யும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

விடை ஆறே வருடத்தில் பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் சின்ன அறிவிப்பாக வந்தது. ஜெர்மன்டவுன் கிரிக்கெட் கிளப்பும் யங் அமெரிக்கா கிரிக்கெட் கிளப்பும் நன்றி நாளன்று மதியம் பன்னிரண்டரைக்கு மோதப்போகின்றன. கிரிக்கெட்டில் அல்ல, காலால் உதைக்கும் பந்தில்! விடுமுறை நாள், கூடுவதற்கு ஆட்கள், கையருகே மைதானம். பொங்கலன்று ஊருக்கு ஊர் விளையாட்டுப் போட்டி முளைப்பது போலத்தான். ஆனால் பந்து இன்னும் உருண்டையாகவே இருந்தது. அது நீள்வதற்கு வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வரவேண்டியிருந்தது.

விருந்தாளிகள் வந்ததற்குக் காரணம் ஒரு பிடிவாதம். 1873ல் யேல், பிரின்ஸ்டன் முதலிய கல்லூரிகள் நியூயார்க்கில் கூடிப் பந்தாட்டத்துக்குப் பொது விதி எழுதின. கையால் எடுத்து ஓடக்கூடாது என்றது அந்த விதி. ஹார்வர்ட் வர மறுத்தது. அதன் மாணவர்கள் ஆடிய ‘பாஸ்டன் ஆட்ட’த்தில் பந்தைக் கையிலெடுத்து ஓடலாம், எதிரி துரத்தினால். அந்தச் சுகத்தை விட அவர்களுக்கு மனமில்லை. விளைவு, மோத ஆளில்லை. தனிமரமாக நின்ற ஹார்வர்டுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து, கனடாவின் மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து, ஒரு கடிதம் வந்தது. இரண்டு ஆட்டம் ஆடலாமா?

1874 மே மாதம் மெக்கில் மாணவர்கள் வந்து இறங்கினார்கள். பதினைந்து பேர் வரவேண்டியது, நான்கு பேர் வரவில்லை. சரி, அணிக்குப் பதினொரு பேர் என்று ஹார்வர்டும் இறங்கி வந்தது. நுழைவுக் கட்டணம் 50 சென்ட். வசூல் விருந்தாளிகளை உபசரிக்கப் போனது. முதல் நாள் ஹார்வர்ட் விதி. ஹார்வர்ட் சுலபமாக வென்றது. மறுநாள் மெக்கில் விதி, அதாவது ரக்பி. முட்டை வடிவப் பந்து. யார் துரத்தினாலும் துரத்தாவிட்டாலும் அணைத்துக்கொண்டு ஓடலாம். இருபக்கமும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனாலும் தங்கள் சொந்த ஆட்டத்தைவிட இதுவே மேல் என்று ஹார்வர்ட் மாணவர்கள் முடிவு கட்டினார்கள். அடுத்த ஆண்டு யேலை இந்த ஆட்டத்துக்கு இழுத்தார்கள். பார்க்க வந்திருந்த பிரின்ஸ்டன் மாணவர்களுக்கும் ஆசை தொற்றியது. இனி விதி எழுத ஓரிடத்தில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தின் பெயரில்தான் விஷயம் இருக்கிறது.

1876 நவம்பரில் அவர்கள் கூடியது ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் மாசசோயிட் ஹவுஸ் ஹோட்டலில். மாசசோயிட் என்பவர் வாம்பனோக் பழங்குடித் தலைவர். 1621ல் பிளிமத் ஊரில் ஆங்கிலேயக் குடியேறிகள் கொண்டாடிய அறுவடை விருந்துக்குச் சுமார் 90 பேரோடு வந்து, ஐந்து மான்களைக் கொடுத்து, மூன்று நாள் தங்கியவர். அமெரிக்கர்கள் நன்றி நாளின் முதல் அத்தியாயமாகச் சொல்வது அந்த விருந்தைத்தான். அடுத்த அத்தியாயத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே குடியேறிகளோடு போரிட்டு மாண்ட மாசசோயிட்டின் மகன் மெட்டகோமின் தலை, 1676ல், அதே பிளிமத்தில் கம்பில் செருகப்பட்டது. சரியாக 200 வருடம் கழித்து, அப்பாவின் பெயர் தாங்கிய ஹோட்டலில் கல்லூரிப் பையன்கள் நன்றி நாளுக்கு ஒரு சடங்கு சேர்த்தார்கள். நவம்பர் 30, வியாழன். ஹோபோக்கன் நகரின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் மைதானத்தில் யேல் பிரின்ஸ்டனை வென்றது. அதன்பின் கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை.

ஆட்டம் நியூயார்க்குக்குப் போயிற்று. 1890களின் தொடக்கத்தில் நாற்பதாயிரம் பேர் திரண்டார்கள். குதிரை வண்டிகள் ஃபிஃப்த் அவென்யூவில் ஊர்வலம் போயின. ஆட்டத்துக்கு நேரமாகிறதென்று பாதிரியார்கள் ஆராதனையை முன்கூட்டியே முடித்தார்கள். பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். 1893க்குப் பிறகு நியூயார்க்கின் அந்த வியாழக்கிழமை ஆட்டம் நின்றுபோனது. கதை அங்கேயே முடிந்திருக்கும், பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இல்லாவிட்டால்.

1882லேயே மாசசூசெட்ஸ் மாநிலத்து வெல்லஸ்லி பள்ளி மாணவர் ஆர்தர் ஓல்டம், பக்கத்து ஊர் நீடமுக்குச் சவால் விட்டிருந்தார். நன்றி நாளன்று வெல்லஸ்லி 4–0 என்று வென்றது. கல்லூரிகள் கைவிட்ட நாளைப் பிடித்துக்கொண்டவை இப்படிப்பட்ட பக்கத்து ஊர்ப் பகைகள்தான். காலையில் மகன் ஆட, அப்பா பழைய கணக்கை நினைத்துக் கத்த, பிறகு எல்லோரும் சாப்பாட்டுக்குப் போவார்கள். ஊர் மைதானத்தைத் தாண்டி வீட்டுக் கூடத்துக்குள் ஆட்டம் வர, காசை இழந்துகொண்டிருந்த ஒரு வானொலிக்காரர் தேவைப்பட்டார்.

ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ், டெட்ராய்ட் வானொலி நிலைய முதலாளி. 1934ல் ஒஹையோவின் சிற்றூர் அணி ஒன்றை எட்டாயிரம் டாலருக்கும் குறைவாக வாங்கி, லயன்ஸ் என்று பெயர் சூட்டினார். நகரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டைகர்ஸ் பேஸ்பால் அணிதான் அதற்கு உயிர். வேறு எதுவும் இல்லாத நாளில் ஆடினால் என்ன என்று நன்றி நாளைத் தேர்ந்தார். எதிரணி அந்தப் பருவத்தில் தோற்றே அறியாத சிகாகோ பேர்ஸ். 94 வானொலி நிலையங்களில் நேரடி ஒலிபரப்பு. இருபத்தாறாயிரம் டிக்கெட்டும் விற்று, ஆயிரக்கணக்கானோர் வாசலோடு திரும்பினார்கள். லயன்ஸ் 16–19 என்று தோற்றது. ரிச்சர்ட்ஸ் ஜெயித்துவிட்டார். ஐந்தே வருடத்தில் அந்த நாளையே ஒருவர் நகர்த்தினார்.

1939 நவம்பரில் ஐந்து வியாழன். கடைசி வியாழன் 30ஆம் தேதி விழுந்தால் கிறிஸ்துமஸ் வியாபார நாட்கள் குறையும் என்று வணிகர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் நன்றி நாளை 23க்கு மாற்றினார். வெகு முன்பே ஆட்டத் தேதிகளைக் குறித்துவிட்ட பயிற்சியாளர்கள் கொதித்தார்கள். பாதி மாநிலங்கள் 23, மீதியில் பெரும்பாலானவை 30, டெக்சாஸ் போன்றவை இரண்டு நாளும்! 1941 டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம் நான்காவது வியாழன் என்று முடித்துவைத்தது. தேதிக் குழப்பத்தையும் போரையும் தாண்டி 1945ல் டெட்ராய்ட் மறுபடி களமிறங்கியது. அதன்பின் ஒரு வருடமும் தவறவில்லை.

இன்று தேங்க்ஸ்கிவிங் நாளில் அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடும் மூன்று அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் கதை இது. மதியம் டெட்ராய்ட், 1966ல் சேர்ந்த டாலஸ், 2006 முதல் இரவில் ஒன்று. வெல்லஸ்லியும் நீடமும் இன்னும் காலையில் முட்டிக்கொள்கின்றன.

கனடாவுக்கும் தனியாக ஒரு நன்றி நாள் உண்டு, அக்டோபரின் இரண்டாவது திங்கள். அன்று அங்கேயும் கால்பந்துதான். மான்ட்ரியாலின் தொழில்முறை அணியின் சொந்த மைதானம் மெக்கில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அங்கே அணிக்குப் பதினொரு பேர் இல்லை, பன்னிரண்டு.