ஒரு புழுவும் பல கரங்களும்

விஞ்ஞான வரலாற்றை மேதைகள் சிலரின் சரிதையாக எழுதுவது நெடுநாள் வழக்கம். நியூற்றன், டார்வின் என்ற பெயர்களை நம் மாணவர் மனனம் செய்கின்றனர். அப்பெயர்களைச் சூழ உழைத்த கரங்களை அறியார். உயிரியலும் கணிதமும் கணினியும் ஒன்றுகூடி, உயிரை ஒரு முழுத் தொகுதியாக ஆராயும் இன்றைய விஞ்ஞானத்துக்கு இவ்வழக்கம் சற்றும் பொருந்தாது. இதற்கு ஒரு சிறு புழுவின் கதையே சான்று.

1963ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் சிட்னி பிரென்னர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தென்னாபிரிக்காவில் குடியேறிய செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். பரம்பரையலகுகள் ஓர் உயிரின் உடலையும் நடத்தையையும் எவ்வாறு ஆக்குகின்றன? இதனை அறிய, ஓர் எளிய பிராணியைக் கலம் கலமாக முழுமையாய் அறிந்துவிட வேண்டும் என்றார். இறுதியில் அவர் தெரிந்தெடுத்தது, ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள, கண்ணாடிபோல் ஊடுதெரியும் வட்டப்புழு ஒன்றை. வளர்ந்த இருபாற் புழுவில், இனப்பெருக்கக் கலங்கள் நீங்கலாக, 959 உடற்கலங்களே உள்ளன. அவற்றுள் 302 நரம்புக்கலங்கள்.

ஆயினும் இச்சிறு உடலை அறிய ஒரு துறை போதவில்லை. நிக்கொல் தொம்சன் புழுவைத் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கான தகடுகளாகச் சீவி, இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் படமெடுத்தார். அப்படங்களைக் கணினியால் இணைத்துக் காணும் முயற்சி ஜோன் வைற்றின் பொறுப்பாயிற்று. ஆனால் அக்காலக் கணினியின் ஆற்றல் அதற்குப் போதவில்லை. இயந்திரம் தளர்ந்த இடத்தில் மனிதக் கண்ணே துணைநின்றது. பதினாறு வயதிற் பள்ளியை விட்டு ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்த ஐலீன் சவுத்கேற், ஆயிரக்கணக்கான படங்களில் ஒவ்வொரு நரம்பையும் வண்ணப் பேனாவாற் குறித்துத் தொடர்ந்து சென்றார். 1986இல், ஒரு பிராணியின் முழு நரம்புத்தொகுதியும் முதன்முறையாக, 340 பக்கங்களில் உலகின் முன் வைக்கப்பட்டது.

அதே கூடத்தில் ஜோன் சல்ஸ்ரன், நாள்தோறும் எட்டு மணிநேரம் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, ஒற்றைக் கலம் பிரிந்து பிரிந்து புழுவாக வளர்வதை ஒன்றரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அந்தக் கலவழி வரலாறு 1983இல் வெளிவந்தது.

இவர்களிடையே வளர்ந்த ஒரு பண்பே நம் கவனத்துக்குரியது. 1975இல் தொடங்கிய செய்திமடல் ஒன்றில், புழு ஆய்வாளர் தம் முற்றுப்பெறாத முடிவுகளையும் தயங்காது பகிர்ந்துகொண்டனர். பெற்றதை ஒளித்துவைப்பவன் பிறரையும் தன்னையும் ஒருங்கே தடுக்கிறான் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இப்பண்பு பின்னர் மனித குலம் முழுமைக்கும் பயன்பட்டது. 1996இல் பெர்முடாவிற் கூடிய விஞ்ஞானிகள், மனிதப் பரம்பரைத் தொடரிற் கண்டறிவனவற்றை ஒரு நாளுக்குள் பொதுவில் வெளியிடுவதென உடன்பட்டனர். சல்ஸ்ரனும், அமெரிக்காவிற் புழுத் தொடரை அவருடன் இணைந்து ஆராய்ந்த ரொபேட் வாட்டர்ஸ்ரனும் இம்முடிவுக்கு முன்னின்றனர். புழுவின் தொடர் 1998இல் நிறைவெய்தியது. அதே ஆண்டில் தனியார் நிறுவனம் ஒன்று மனிதத் தொடரைத் தானே முந்தி முடித்து, தரவைச் சந்தாவுக்கு விற்க முனைந்தது. பொதுத் திட்டத்திடம் துண்டு துண்டான தரவு குவிந்திருந்தது. அதனைக் கோத்து ஒன்றாக்கும் பணி முடியாதிருந்தது. 2000ஆம் ஆண்டில், சான்ரா குரூஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஜிம் கென்ற், சில வாரங்களில் அதற்கான நிரலை எழுதி, நூறு சாதாரணக் கணினிகளின் துணையால் அப்பணியை முடித்தார். யூலை 7ஆந் திகதி அத்தொடர் விலையின்றி எவர்க்கும் திறந்துவிடப்பட்டது.

2002இல் பிரென்னர், சல்ஸ்ரன், ஹோர்விற்ஸ் ஆகிய மூவரும் நோபெற் பரிசு பெற்றனர். அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் ஒரு பரிசை மூவருக்கு மேற் பகிர அதன் விதி இடந்தராது. புழுவின் வரலாறோ மூவருள் அடங்காது. இனி வகுப்பறையில் இவ்வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர், பரிசு பெற்றோர் பெயரோடு, வண்ணப் பேனா பிடித்த அந்தக் கரத்தின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவாராக. அதுவும் விஞ்ஞானத்தின் பாடமே.