மஸ்கெலியா: நீருள் ஆழ்ந்த ஊரும் அதன் மக்களும்

ஹற்றனிலிருந்து நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள மஸ்கெலியாவைக் கடந்தே செல்வர். ஏரிக்கரைச் சிற்றூர் என்னும் அதன் தோற்றம் பழமையானதன்று. மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய நகரம் நீருள் ஆழ்ந்தது. மேட்டுநிலத்திலே புதிய நகரம் எழுந்தது. நீர்மட்டம் தாழுங் காலங்களில் பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் வெளித்தோன்றுகின்றன. இவ்வெச்சங்களைக் காண விழைவோர் பலர். ஆயின், அவ்வூரைச் சூழ வாழ்ந்த மக்களுக்கு அக்காலத்தில் நேர்ந்தது யாது என்பதையே நாம் ஈண்டு நோக்குவோம்.

கோப்பிப் பயிர்ச்செய்கை 1869இல் தோன்றிய இலைநோயினால் அழிவுற்றதைத் தொடர்ந்து மலையகம் தேயிலை நாடாயிற்று. 1884இல் புகையிரதப் பாதை ஹற்றனை எட்டியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வாயிலாகக் கொண்டுவரப்பட்ட உழைப்பாளர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். லயமோ நிலமோ அவர்க்கு உரியதன்று. வேலை உள்ளவரையிலேயே குடியிருப்பும் உண்டு. தோட்டங்களை அண்டியே கடைவீதியும் வழிபாட்டிடங்களும் வளர்ந்தன.

இம்மக்கள் அரசியலில் குரலற்றோராக இருந்தனர் எனக் கொள்ளுதல் தவறாகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 தொகுதிகளுள் மஸ்கெலியாவும் ஒன்று, ஜீ. ஆர். மோத்தா அதன் பிரதிநிதியானார். அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றோராக்கிற்று. வாக்குரிமையும் பறிபோகவே, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. தொகுதியின் பெயர் எஞ்சியது. அதற்கு உயிர்கொடுத்த வாக்காளர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டனர்.

இப்பின்னணியிலேயே 1960களை நோக்குதல் வேண்டும். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்குஞ் சமமாகப் பங்கிடப்பட்டனர். அணை எழுந்ததும் மக்கள் பங்கிடப்பட்டதும் ஒரே காலப்பகுதியில் நிகழ்ந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. நிலவுரிமை இல்லாதவன், நிலம் நீரில் மூழ்கும்போது சட்டத்தின் கண்களில் எதனையும் இழப்பதில்லை. குடியுரிமை இல்லாதவன் ஊரைவிட்டு நீங்கும்போது இடம்பெயர்ந்தோன் எனவும் கருதப்படுவதில்லை. அவன் 'தாயகம் திரும்பியவன்' என்றே ஏடுகளிற் பதிவாகின்றான். பலருக்கு அத்தாயகம் தாம் ஒருபோதுங் கண்டிராத நாடாகும்.

குடிசன மதிப்பீட்டு எண்கள் இதனை உணர்த்துகின்றன. 1971இல் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டோர் ஏறத்தாழ 11,75,000. 1981இல் ஏறத்தாழ 8,19,000. சிலர் 'இலங்கைத் தமிழர்' எனத் தம்மைப் பதிந்துகொண்டமையும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமாயினும், தலைமன்னார்க் கப்பலேறியோரே அதன் பெரும்பகுதியாவர். அவர்களுட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலே மீண்டும் தேயிலைத் தொழிலாளராயினர். தேசம் மாறிற்று, தொழில் மாறவில்லை.

மவுசாகலை நீர் கனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய மின்நிலையங்களை இயக்குகின்றது. அம்மின்சாரம் கொழும்பின் தொழிற்சாலைகளை எட்டி நெடுங்காலஞ் சென்ற பின்னரே லயங்கள் பல மின்னொளி கண்டன. உரிமைகளும் அவ்வாறே பிந்தி வந்தன. தேர்தலில் வென்ற மலையகத் தமிழ்ப் பிரதிநிதியாகச் சௌ. தொண்டமான் நாடாளுமன்றம் சென்றது 1947இன் பின்னர் 1977இலேயே. அவர் வென்றதும் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியிலாகும். நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே முடிவுகட்டிற்று.

நீர்மட்டம் தாழ்கையில் வெளிப்படுபவை கல்லிலும் சாந்திலும் எழுந்த கட்டிடங்களே. ஒப்பந்தத்தினாற் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் எந்தக் கோடையிலும் வெளித்தோன்றமாட்டா. தோட்டப் பேரேடுகள், பாடசாலைப் பதிவுகள், கூடலூரிலும் மஸ்கெலியாவிலும் வாழும் முதியோரின் வாய்மொழிகள் ஆகியன ஒருங்குவைத்து ஆராயப்படும்போதே இச்சிற்றூரின் வரலாறு முழுமைபெறும். அம்முதியோர் மறைவதற்கு முன்னரே அப்பணி தொடங்கப்படல் வேண்டும் என்பது எமது துணிபு.