கிண்டி மான்களின் கதை

சேலத்துக்காரர்கள் மான் பார்க்க ஏற்காடு மலையடிவாரத்திலுள்ள குரும்பப்பட்டி பூங்காவுக்குப் போகிறார்கள். அங்கு மான்கள் வேலிக்குள் இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யிலோ விடுதி வாசலிலேயே புள்ளிமான் மேய்கிறது. காட்டு மான் ஊருக்குள் புகுந்துவிட்டது என்றுதான் நினைப்போம். உண்மையில் ஊர்தான் காட்டுக்குள் புகுந்தது.

1821-ல் அரசு வாங்கிய கிண்டித் தோட்டம் கவர்னர்களின் ஓய்விடம். சுமார் 505 ஹெக்டேர். சுதந்திரத்துக்குப் பின் காந்தி மண்டபத்துக்கும், 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கும், பிறகு ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களுக்கும் அதிலிருந்தே நிலம் போனது. (தலைவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது மான்தான்!) 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். திறந்த புல்வெளியில் வாழும் வெளிமானுக்குத்தான் இதில் இழப்பு அதிகம். புள்ளிமான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. கிண்டியில் புலி, சிறுத்தை கிடையாது. மான்களைக் கொல்பவை தெருநாய்களும், வாகனங்களும், வயிற்றில் சிக்கும் பாலிதீன் பைகளும்.